காய்ச்சல் இறங்கிவிட்டது, களைப்பு இறங்கவில்லையே!

வாசகியின் கடிதம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறு பட்டணத்திலிருந்து 24 வயதுப் பெண் ஒருவர் ஐந்து பக்கங்களுக்கு எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவர் ஒரு செம்பனை ஆலையின் எடைமேடையில் மூன்று ஆண்டுகளாகக் கிராணியாக (எழுத்தராக) இருக்கிறார். திங்கள் முதல் சனி வரை வேலை. வாரத்தில் நான்கு மாலைகள் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் 11 பேருக்கு வீட்டிலேயே டியூஷன். அப்பா இல்லை. அம்மாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. அந்த மூன்று நாட்களும் விடியற்காலை ஐந்தரை மணிக்கு அம்மாவைக் காரில் ஏற்றி, நிலையத்தில் இறக்கிவிட்டு, அப்படியே ஆலைக்குப் போகிறார். ஈப்போவில் தொழிற்சாலை வேலைக்கு வீட்டிலிருந்தே போய்வரும் 20 வயதுத் தம்பி ஒருவர் இருக்கிறார். வாசகிக்கு வைகாசியில் திருமணம்.

ஏழு வாரங்களுக்கு முன் இவருக்குக் கடும் காய்ச்சலும் தொண்டைவலியும் வந்தன. கழுத்தின் இரு பக்கமும் நெறிகட்டியது. காலையில் எழுந்தால் கண்ணிமைகள் வீங்கியிருந்தன. முதலில் பார்த்த கிளினிக்கில் அமோக்சிசிலின் என்ற பென்சிலின் வகை ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். நான்காம் நாள் உடம்பெல்லாம் சிவந்த தடிப்பு. டெங்கியாக இருக்குமோ என்று சோதித்ததில் இல்லை என்று வந்தது. பிறகு அரசாங்க மருத்துவமனையில் நான்கு நாள் படுக்கவைத்து, கல்லீரல் சற்று வீங்கியிருப்பதையும் மண்ணீரல் விலாவுக்குக் கீழே கைக்குத் தட்டுப்படுவதையும் கண்டு, எப்ஸ்டீன்–பார் வைரஸால் வரும் சுரப்பிக் காய்ச்சல், அதாவது கிளாண்டுலர் ஃபீவர், என்று உறுதிசெய்தார்கள். கிளினிக்கில் தந்த மூன்று நாளும் வீடு திரும்பியபோது தந்த பத்து நாளுமாக எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) முடிந்ததும் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

இப்போது காய்ச்சல் இல்லை, தொண்டையும் சரியாகிவிட்டது. ஆனால் பிற்பகல் இரண்டு மணியானால் லாரியின் எண்ணைப் பார்த்து எழுதுவதற்குள் முதல் பாதி மறந்துவிடுகிறது. "இரத்தம் நார்மல் என்று வந்த பிறகும் என்ன?" என்று மேலாளர் கேட்கிறார். இது 'முத்த நோய்' என்று யாரோ இணையத்தில் பார்த்துச் சொன்னது வருங்கால மாமியாரின் காதுக்கு எட்டியிருக்கிறது. புற்றுநோயில் கொண்டுபோய் விடுமோ, அம்மாவுக்கு ஒட்டிவிடுமோ என்ற பயம் வேறு. பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது. கடிதத்தின் கடைசி வரி இது: "டாக்டர், எல்லாரும் வேலை செய்கிறார்கள். நான் மட்டும் சோம்பேறியாகிவிட்டேனா?"

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சோம்பேறியாகிவிடவில்லை. உங்களுக்கு நோய் இன்னும் முழுதாக விலகவில்லை. காய்ச்சல் நின்ற நாளை நோய் முடிந்த நாளாக நீங்களும், உங்கள் மேலாளரும், ஓரளவுக்கு உங்களுக்குப் பத்து நாள் எம்.சி. எழுதித் தந்த மருத்துவரும் எடுத்துக்கொண்டதில்தான் சிக்கல் தொடங்கியிருக்கிறது.

இந்த வைரஸ் எச்சில் வழியாக உள்ளே வந்து, நம் இரத்தத்திலுள்ள 'பி' அணுக்கள் எனப்படும் ஒருவகை வெள்ளையணுக்களுக்குள் குடியேறுகிறது. அவற்றை அழிக்க உடம்பு இன்னொரு வகை வெள்ளையணுக்களைப் பெருமளவில் உண்டாக்குகிறது. கழுத்தில் நெறிகட்டியதும், மண்ணீரல் பெருத்ததும், கல்லீரல் வீங்கியதும், உடம்பு அடித்துப்போட்டதுபோல் கிடந்ததும் பெரும்பாலும் இந்த எதிர்ப்பின் விளைவுகளே. அந்த எதிர்ப்பு ஒரே நாளில் அடங்குவதில்லை. காய்ச்சலும் தொண்டைவலியும் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்களில் போய்விடும். களைப்பு பலருக்கு இரண்டு மூன்று மாதங்கள் வரை நீடிக்கும். ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு ஆறு மாதம் தாண்டியும் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நீங்கள் ஏழாவது வாரத்தில் இருக்கிறீர்கள். இந்த நோயின் கணக்குப்படி இது தாமதமே இல்லை.

"இரத்தம் நார்மல்" என்ற பேச்சையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். உங்களுக்குச் செய்யப்பட்ட சோதனைகள் இரத்த அணுக்களின் எண்ணிக்கையையும் கல்லீரல் நொதிகளின் அளவையும் சொல்கின்றன. அவை இயல்புக்குத் திரும்பியது நல்ல செய்திதான். ஆனால் ஒருவர் எட்டு மணி நேரம் கவனம் சிதறாமல் எண்களைப் பதிவுசெய்யும் அளவுக்குத் தேறிவிட்டாரா என்பதை அளக்கும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. மேலாளர் கேட்டால் இதையே அவரிடம் சொல்லலாம்.

நான் ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவள். பெரட்டுக்கு (காலையில் ஆள்கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்ற கணக்கில் எங்கள் வீடும் நடந்தது. காய்ச்சலோடு என் அம்மா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பால்வாளியுடன் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனதை வாசற்படியில் நின்று பார்த்திருக்கிறேன். படுத்திருப்பது குற்றம் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு அப்படித்தான் ஊறியது. உங்கள் கடிதத்தில் 'முடியவில்லை' என்று எழுதிய ஒவ்வொரு இடத்திலும் 'மன்னிக்கவும்' என்றும் எழுதியிருக்கிறீர்கள். யாரிடம் மன்னிப்பு கேட்கிறீர்கள் என்று எனக்குப் புரிந்தது, மனம் கனத்தது.

அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தை நான் இரண்டு முறை படித்தேன். சென்ற மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உடம்பு லேசாக இருந்ததாகவும், விட்ட வேலைகளையெல்லாம் முடித்துவிடலாம் என்று திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்து, வீட்டைக் கழுவிவிட்டு, மூன்று நாளுக்கான குழம்பை வைத்துவிட்டு, மாலையில் மாப்பிள்ளை வீட்டுக்கும் போய்வந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் கை தூக்க முடியவில்லை. "அதனால்தான் மனவலிமை போதவில்லை என்று நினைக்கிறேன்" என்று முடித்திருக்கிறீர்கள். அங்கேதான் நீங்கள் தவறாகக் கணக்கிடுகிறீர்கள். அன்று உங்களிடம் மனவலிமை நிறையவே இருந்தது. தேறிவரும் உடம்பில் அன்று சேர்ந்திருந்த தெம்பைப்போலப் பல மடங்கை ஒரே நாளில் செலவழித்தீர்கள், அவ்வளவுதான்.

இந்த நோயிலிருந்து மீள்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் இதுதான்: நல்ல நாளில் அள்ளிப் போட்டுக்கொண்டு செய்வது, அடுத்த நாட்களில் விழுந்து கிடப்பது, எழுந்ததும் குற்ற உணர்ச்சியில் மறுபடியும் அதையே செய்வது. இந்தச் சுற்றை நிறுத்துவதற்கு நான் என் நோயாளிகளிடம் சொல்வது ஒன்றுதான். ஒரு நாளில் எவ்வளவு செய்ய முடிந்தது என்று அன்று இரவே முடிவு கட்டாதீர்கள். மறுநாள் காலையில் எழும்போது உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்து முடிவு கட்டுங்கள்.

ஒரு பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் அன்று செய்த வேலைகள். எதிர்ப்பக்கத்தில் மறுநாள் காலை உடம்பு இருந்த நிலை, பத்துக்கு எத்தனை என்று ஒரு எண். பத்து நாள் எழுதினால் உங்கள் அளவு எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அந்த அளவுக்குள் ஒரு வாரம் நிலையாக இருந்த பிறகு ஒரு சிறு வேலையை மட்டும் கூட்டுங்கள்: பத்து நிமிட நடை, அல்லது இன்னும் ஒரு மாலை டியூஷன். நன்றாக இருக்கும் நாளிலும், செய்ய முடியும் என்று தோன்றுவதில் மூன்றில் இரண்டு பங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; மிச்சம் வைப்பது அன்று வீணாகத் தோன்றினாலும் மறுநாள் கைகொடுக்கும்.

இதைப் படித்துவிட்டு, வேலையை விட்டு ஒரு மாதம் படுத்தே இருந்துவிடலாமா என்று நினைக்க வேண்டாம். காய்ச்சல் இருந்த வாரங்களில் படுக்கை ஓய்வு தேவைப்பட்டது. இப்போது நாள் முழுதும் படுத்திருந்தால் தசைகள் தளர்ந்து, இரவுத் தூக்கமும் கெட்டு, களைப்பு கூடத்தான் செய்யும். இரவு எட்டு ஒன்பது மணி நேரத் தூக்கம், மதிய இடைவேளையில் கண்ணை மூடி இருபது நிமிடம், மூன்று மணிக்குப் பிறகு பகல் தூக்கம் வேண்டாம் என்ற ஒழுங்கு போதும். மூன்று மணிக்குத் தூக்கத்தைக் கலைக்க நீங்கள் குடிக்கும் இரண்டாவது கோப்பிதான் இரவு பன்னிரண்டு மணிக்கு உங்களை விழித்திருக்க வைக்கிறது என்பது என் ஊகம். அதை மட்டும் ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள்.

டியூஷனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான்கு மாலைகளை இரண்டாகக் குறைத்து, 11 பிள்ளைகளையும் அந்த இரண்டு மாலைகளில் வரச்சொல்வது குறைப்பாகாது. ஒரே நேரத்தில் அத்தனை பேரைச் சமாளிப்பது இன்னும் கடினம். தேர்வு எழுதப்போகும் பெரிய பிள்ளைகளை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களின் பெற்றோரிடம் இரண்டு மாதம் தவணை கேளுங்கள். வருமானம் குறையும் என்பது எனக்குத் தெரியும். வைகாசித் திருமணச் செலவை மனத்தில் வைத்தே நீங்கள் இதைத் தொடர்கிறீர்கள் என்பதும் தெரிகிறது. ஆனாலும் உங்கள் வாரத்தில் உங்கள் கையால் குறைக்கக்கூடிய வேலை இது ஒன்றுதான். ஆலை வேலையையும் அம்மாவின் சிகிச்சையையும் குறைக்க முடியாது.

மண்ணீரலும் பால்குடமும்

மண்ணீரல் வயிற்றின் இடப்பக்கம், விலா எலும்புகளுக்கு அடியில் இருக்கும் மென்மையான உறுப்பு. இந்த நோயில் அது பெருத்து, அடிபட்டாலோ அழுத்தம் கூடினாலோ கிழிந்துவிடக்கூடும். இது நூற்றில் ஒருவருக்குக்கூட வருவதில்லை. வந்தாலும் பெரும்பாலும் முதல் மூன்று நான்கு வாரங்களுக்குள் வரும். ஆகவே ஆபத்தான காலத்தை நீங்கள் ஏறக்குறையக் கடந்துவிட்டீர்கள். ஆனாலும் உங்களுக்கு மண்ணீரல் கைக்குத் தட்டுப்பட்டதால், அது சுருங்கிவிட்டதா என்று ஒரு மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சொல்லும்வரை பாரம் தூக்காதீர்கள். சமையல் கேஸ் சிலிண்டர் இதில் சேரும்: 14 கிலோ எரிவாயு என்பது இரும்பின் எடையையும் சேர்த்தால் ஏறக்குறைய இருமடங்கு. உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொல்லியிருக்கும் இன்னொன்றும் சேரும். கால் வலுவில்லாத அம்மாவைக் கார் இருக்கையிலிருந்து இடுப்பைப் பிடித்துத் தாங்கித் தூக்குகிறீர்கள். அந்த நேரத்தில் அவருடைய தோளும் முழங்கையும் படுவது உங்கள் இடது விலாவில்தான்.

பால்குடத்துக்கு வருகிறேன். வேண்டுதலைப் பற்றி மருத்துவர் பேசலாமா என்று நினைக்காதீர்கள், நானும் எடுத்தவள்தான். இரண்டு மூன்று லிட்டர் பாலின் எடை பெரிய சுமையில்லை. விரதமிருந்த உடம்போடு வெறுங்காலில் வெயிலில் நடப்பதும், முதல்நாள் இரவு தூங்காமல் கோயிலில் நிற்பதும்தான் இந்த நிலையில் உங்களை வீழ்த்தும். ஐந்து வாரம் இருக்கிறதே, இப்போதே முடிவெடுக்க வேண்டாம். பங்குனி உத்திரத்துக்கு ஒரு வாரம் முன்பு, அரை மணி நேரம் நடந்து, மறுநாள் சாதாரணமாக எழுந்திருக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால், மண்ணீரல் சரியாகிவிட்டது என்று மருத்துவரும் சொன்னால், தண்ணீரும் பாலும் பழமும் எடுத்துக்கொள்ளும் இலேசான விரதத்தோடு, வெயில் ஏறுவதற்கு முன் புறப்படும் குழுவோடு போய்வாருங்கள். முடியாவிட்டால் கோயில் குருக்களிடம் பேசுங்கள். வீட்டில் பிரசவம், சாவு என்று வந்தால் நேர்த்திக்கடனைத் தள்ளிவைப்பதும், ஒருவருக்காக அவருடைய உடன்பிறப்பு எடுப்பதும் நம் ஊர்களில் புதிதில்லை.

தடிப்பு, பனடோல், பப்பாளி இலை

அமோக்சிசிலின் சாப்பிட்ட பிறகு தடிப்பு வந்ததால் "எனக்கு ஆயுசுக்கும் பென்சிலின் ஆகாது" என்று எழுதியிருக்கிறீர்கள். சுரப்பிக் காய்ச்சலின்போது அமோக்சிசிலின், ஆம்பிசிலின் கொடுத்தால் பலருக்கு இப்படித் தடிப்பு வருவது மருத்துவத்தில் நீண்ட காலமாகத் தெரிந்த விஷயம். பெரும்பாலும் அது நிரந்தர ஒவ்வாமை இல்லை. அதற்காக நீங்களே ஒரு மாத்திரையை விழுங்கிச் சோதித்துவிடக் கூடாது. எந்த மருந்து, எத்தனையாம் நாள் தடிப்பு, மூச்சுத்திணறலோ உதடு வீக்கமோ இருந்ததா என்பதை எழுதி வைத்துக்கொண்டு அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள். பிற்காலத்தில் தேவைப்பட்டால் முறைப்படி சோதித்து முடிவு செய்வார்கள். அந்த கிளினிக் மருத்துவர்மேல் கோபம் வேண்டாம் என்றும் சொல்லத் தோன்றுகிறது. தொடக்க நாட்களில் சீழ்பிடித்த டான்சிலுக்கும் இதற்கும் வித்தியாசம் காண்பது எளிதில்லை. முதல் வாரத்தில் செய்யும் விரைவுச் சோதனையும் இல்லை என்றே பலருக்குக் காட்டும்.

இது வைரஸ் நோய் என்பதால் ஆன்டிபயாட்டிக் இதற்குப் பயன்படாது. வைரஸைக் கொல்லவென்று விற்கப்படும் மாத்திரைகளும் களைப்பைக் குறைப்பதாக நிரூபிக்கப்படவில்லை. 'தெம்பு ஊசி'க்கும் அதே பதில்தான்; அந்தப் பணத்தில் முட்டையும் மீனும் கீரையும் வாங்குங்கள். பப்பாளி இலைச் சாற்றை டெங்கிக்குக் கொடுக்கும் பழக்கத்தில் பக்கத்து வீட்டு அக்கா அன்போடு கொண்டுவந்து தருகிறார் என்று புரிகிறது. இந்த நோய்க்கு அது தேவையில்லை, கல்லீரல் இப்போதுதான் தேறிவருகிறது என்று சொல்லி மறுத்துவிடலாம். பனடோல், அதாவது பாராசிட்டமால், வலிக்கு எடுக்கலாம். வளர்ந்தவர்களுக்கு உச்ச அளவு ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. உங்களுக்குக் கல்லீரல் வீங்கியிருந்ததால் அதற்கும் குறைவாக, மருத்துவர் சொல்லும் அளவில் மட்டும் எடுங்கள். சளி மாத்திரைகள் பலவற்றிலும் அதே மருந்து கலந்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

'முத்த நோய்' என்ற பெயர்

இந்தப் பெயர் எத்தனை வீடுகளில் வீண் சந்தேகத்தைக் கிளப்பியிருக்கிறது என்பதை என் அறையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இந்த வைரஸ் எச்சிலில் இருக்கிறது. ஆகவே முத்தத்தாலும் பரவும். ஒரே தம்ளரில் குடிப்பதாலும், ஒரே கரண்டியில் ருசிபார்ப்பதாலும், தண்ணீர் புட்டியைப் பகிர்வதாலும், தாய் கடித்துக் கொடுத்த பண்டத்தைக் குழந்தை தின்பதாலும் பரவும். உலகில் வளர்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குமேல் இந்தத் தொற்று ஏற்கெனவே வந்துபோயிருக்கிறது. பலருக்குக் குழந்தைப் பருவத்தில், சாதாரணச் சளிபோல வந்து, பெயர்கூடத் தெரியாமல் போய்விடுகிறது. பதின்பருவத்திலோ இருபதுகளிலோ முதன்முறையாக வருபவர்களுக்குத்தான் உங்களைப்போல் உடம்பைப் புரட்டிப்போடுகிறது. தொற்றியதிலிருந்து நோய் வெளிப்பட நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் யாருடைய தம்ளர், எந்த விருந்து என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

1964-இல் ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு வந்த ஒரு கட்டியிலிருந்து எப்ஸ்டீன், பார், அச்சோங் என்ற மூவர் இந்த வைரஸைக் கண்டறிந்தபோது, இதற்கும் சுரப்பிக் காய்ச்சலுக்கும் தொடர்பு இருப்பது யாருக்கும் தெரியாது. சில ஆண்டுகளில், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஹென்லே தம்பதியரின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த ஓர் உதவியாளருக்கே இந்தக் காய்ச்சல் வந்தது. நோய்க்கு முன் அவருடைய இரத்தத்தில் இல்லாத எதிர்ப்பொருள் நோய்க்குப் பின் இருந்ததைக் கண்டே 1968-இல் காரணத்தை உலகுக்குச் சொன்னார்கள். ஒழுக்கத்துக்கும் இந்த நோய்க்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

உங்கள் மருத்துவ விவரம் உங்களுடையது. மாப்பிள்ளை வீட்டாருக்கு அறிக்கையைக் காட்ட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஆனால் மாப்பிள்ளையிடம் நீங்களே நேராகச் சொல்லிவிடுவது நல்லது என்பது என் கருத்து. மறைத்ததாகப் பிறகு பேச்சு வருவதைவிட, "எச்சில் வழியாகப் பரவும் ஒரு வைரஸ் காய்ச்சல், பெரும்பாலோருக்குச் சின்ன வயதிலேயே வந்துவிடும், எனக்கு இப்போது வந்தது" என்று சொல்லிவிடலாம். அவருடைய அம்மாவிடம் அவரே பேசட்டும். வைரஸ் முழுதாக நீங்கும்வரை திருமணத்தைத் தள்ளிவைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்த வைரஸ் உடம்பைவிட்டு முழுதாக நீங்குவதில்லை. வாழ்நாள் முழுதும் அடங்கிக் கிடந்து அவ்வப்போது எச்சிலில் வரும், உங்களுக்கும் எனக்கும் ஊரில் பாதிக்குமேற்பட்டவர்களுக்கும். எனவே அதற்காகக் காத்திருப்பதில் பொருளில்லை. உங்கள் அம்மாவின் வயதில் அவருக்கும் இது எப்போதோ வந்துபோயிருக்கவே வாய்ப்பு அதிகம். தனித் தம்ளர், தனிக் கரண்டி, கை கழுவுதல் போதும். அவருடைய டயாலிசிஸ் மருத்துவருக்கு மட்டும் விஷயத்தைத் தெரிவித்துவிடுங்கள்.

புற்றுநோய் பற்றி உண்மையையே சொல்கிறேன். இந்த வைரஸுக்குச் சில நிணநீர்ப் புற்றுநோய்களோடும், மூக்கின் பின்புறத் தொண்டையில் வரும் புற்றுநோயோடும் தொடர்பு உண்டு. ஆனால் உலகில் பத்தில் ஒன்பது பேர் சுமக்கும் வைரஸ் இது. அவர்களில் மிக மிகச் சிலருக்கே, வேறு காரணங்களும் சேர்ந்தால்தான், அப்படி ஆகிறது. அதற்காக நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கழுத்திலுள்ள கட்டி இன்னும் கரையாமல் இருந்தாலோ, கடினமாகிப் பெரிதானாலோ காட்டிவிடுங்கள்.

வேலையிடத்தில் உங்கள் உரிமை

நான் வழக்கறிஞர் இல்லை, ஆனால் எம்.சி. எழுதுபவள் என்பதால் இந்தப் பிரிவு எனக்குப் பழக்கமானது. தீபகற்ப மலேசியாவில் நடப்பிலுள்ள 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை வேலை செய்தவருக்கு ஓர் ஆண்டில் சம்பளத்தோடு 18 நாள் மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் அதற்கு 60 நாள் தனி. முன்பு இரண்டையும் சேர்த்தே கணக்கிட்டார்கள், 1.1.2023 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் அதைப் பிரித்துவிட்டது. ஆகவே நீங்கள் படுத்திருந்த நான்கு நாளை அந்த 18-இல் கழித்திருந்தால் அது தவறு. சம்பளச் சீட்டைப் பாருங்கள். என் கணக்கில் 13 போக இன்னும் 5 நாள் மிச்சம் இருக்க வேண்டும். எம்.சி. எடுத்தால் 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவித்துவிட வேண்டும். வாட்ஸ்அப் செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள்.

ஆண்டு விடுப்பில் 7 நாள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருமணத்துக்குச் சேர்த்து வைத்திருக்கிறீர்கள் என்பது புரிந்தாலும், நான்கு நாளை இப்போதே செலவழிக்கச் சொல்வேன்: தொடர்ந்து நான்கு வாரம், புதன்கிழமைதோறும் ஒரு நாள். ஆறு நாள் தொடர் வேலை இரண்டு, மூன்று நாளாக உடைந்துவிடும். இந்த நோயில் தொடர்ந்து நான்கு நாள் வீட்டில் இருப்பதைவிட இது அதிகம் உதவுவதைக் கண்டிருக்கிறேன்.

அதோடு, ஆறு வாரத்துக்கு ஓவர்டைம் இல்லாமலும் பாரம் தூக்காமலும் இலகுவான வேலை தர வேண்டும் என்று மருத்துவரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். வேலை நேரத்தை மாற்றிக்கேட்கவும் அதே சட்டம் 60P பிரிவில் வழி தந்திருக்கிறது. எழுத்து மூலம் விண்ணப்பித்தால் முதலாளி 60 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கேட்டதைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் மேலாளரிடம் நல்லபடியாகப் பேசுங்கள். எடைமேடையில் ஓர் எண் தவறினால் ஆலைக்குத்தான் நட்டம். பிற்பகல் பதிவை உடன் வேலை செய்பவரோடு மாற்றிக்கொண்டு, காலைப் பதிவை நீங்கள் கூடுதலாகப் பார்ப்பதாகச் சொன்னால் அவர் மறுப்பார் என்று நான் நினைக்கவில்லை. அதற்கும் மேல் சம்பளத்தைப் பிடித்தால் ஆள்பல இலாகாவில் (தொழிலாளர் துறையில்) முறையிடலாம்.

எப்போது உடனே ஓட வேண்டும், எப்போது மறுபடி காட்ட வேண்டும்

இடது மேல்வயிற்றில் திடீரென்று கடும் வலி, அந்த வலி இடது தோள்பட்டைக்கு ஏறுதல், மயக்கம் வருவதுபோல் கண் இருட்டுதல்: இவற்றில் எது வந்தாலும் தம்பிக்காகக் காத்திருக்காமல் 999-ஐ அழையுங்கள். மூச்சுவிடவோ எச்சில் விழுங்கவோ முடியாமல் போவதும் அப்படியே. கண் மஞ்சளாவது, கழுத்து விறைத்த தலைவலி, கைகால் மரத்துப்போவது ஆகியவற்றுக்கு அன்றே மருத்துவமனை. காய்ச்சல் புதிதாகத் திரும்பினால் 'பழைய காய்ச்சல்தான்' என்று வீட்டில் இருக்காதீர்கள். நாம் இருப்பது டெங்கி ஊர்.

இவை எதுவும் இல்லாவிட்டாலும், இரண்டு வாரத்துக்குள் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்கு ஒரு முறை போய்வாருங்கள். ஒரு ரிங்கிட் கட்டணம்தான். மண்ணீரலைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று மாதம் முடிந்தும் களைப்பு குறையாவிட்டால் இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் இந்த வைரஸின் தலையில் போட்டுவிடக் கூடாது. காரணமில்லாத அழுகையும், எதிலும் பிடிப்பில்லாமல் போவதும் இரண்டு வாரத்துக்குமேல் இருந்தால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். நீண்ட நோய்க்குப் பின் மனம் சோர்வது உண்டு. அதற்கும் சிகிச்சை உண்டு. போகும்போது அந்தக் கணக்குப் புத்தகத்தை எடுத்துப்போங்கள். "ரொம்ப டயர்டா இருக்கு டாக்டர்" என்பதைவிட அந்தப் பத்து நாள் எண்கள் மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

கடைசியாக உங்கள் தம்பியைப் பற்றி. ஐந்து பக்கக் கடிதத்தில் அவர் ஒரே ஒரு வரியில் வருகிறார்: "அவனுக்கு ஷிப்ட் வேலை, தொந்தரவு செய்ய மனம் வரவில்லை." தூக்கம் போதாத கண்களோடு, மூடுபனியும் செம்பனை லாரிகளும் உள்ள சாலையில், இருட்டில் நீங்கள் காரோட்டுவது எனக்குப் பயமாக இருக்கிறது. காலை ஷிப்ட் இல்லாத வாரங்களில் அந்த மூன்று பயணங்களும் தம்பியுடையவை. அம்மாவைத் தூக்கி இறக்கும் வேலை எல்லா நாளும் தம்பியுடையது, அவர் இல்லாத காலையில் நிலையத்துக்கு முன்பே தொலைபேசியில் சொல்லி வாசலுக்குச் சக்கர நாற்காலியோடு ஒருவரை வரச்சொல்லுங்கள். தம்பியிடம் சாடையாகப் பேசாமல், எந்த வாரம், எந்த நாள், எத்தனை மணிக்கு என்று காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். இருபது வயதுப் பிள்ளைகள் பலர் யாரும் கேட்கவில்லை என்பதால்தான் செய்யாமல் இருக்கிறார்கள்.

அன்புடன்,
உங்கள் டாக்டர் அக்கா